கையெழுத்துக்குக் காத்திருந்த கோடிகள்

நிலம் அதிர்ந்தபோது – தொடர்: 11

2004 டிசம்பர் 26. மார்கழி ஞாயிறு, பௌர்ணமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆறரை மணி கடந்த சற்று நேரத்தில் சென்னையில் பல வீடுகளில் கட்டில் லேசாக ஆடியது. அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் பதறிக்கொண்டு கீழே இறங்கி வந்து, தெருவில் நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று மறுபடி மேலே போனார்கள். சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து நகர்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. அது கிளப்பிய அலை இரண்டு மணி நேரத்துக்குள் இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியது. சற்றுப் பொறுத்துத் தமிழகத்தின் கரையிலும் ஏறியது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், ஏரியை ஒட்டி இருக்கிறது பருத்திப்பட்டு. கடலிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் உள்ளே. அங்கே அலை வர வழியில்லை. ஆனால் அந்த வாரம் தமிழகத்தில் கடலோடு தொடர்பே இல்லாத ஊர்களும் கடற்கரைக்காகப் பதறின. அரிசி, பாய், போர்வை, பால் பவுடர், பிஸ்கட் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து லாரி ஏற்றின. பருத்திப்பட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து புறப்படும் லாரி, விடியும் நேரத்தில் நாகப்பட்டினத்தில் நிற்கும். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வழியில் எவரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். எவருடைய கையெழுத்தும் வேண்டாம்.

தமிழகத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்துக்காரர்கள். அங்கே வந்து குவிந்த உதவியின் அளவைச் சொல்ல ஒரு காட்சி போதும்: சாலையோரங்களில் மலைபோலக் கிடந்த பழைய துணி. பொத்தான் போன சட்டை, சாயம் வெளுத்த சேலை, ஓரம் கிழிந்த போர்வை. எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. முந்தின நாள்வரை சொந்த உழைப்பில் புதுத்துணி எடுத்து உடுத்தியவர்கள் அவர்கள். யாருக்கு எது தேவை என்று கேட்காமல் அனுப்பினால் என்னவாகும் என்பதை நிவாரணத் துறையினர் இன்றும் அந்தத் துணிக் குவியலை வைத்துத்தான் விளக்குகிறார்கள்.

நாகையில் இருந்த சிக்கல் அப்படிப்பட்டது. உதவி மிகுந்துபோனதால் வந்த சிக்கல்.

வரைபடத்தில் அங்கிருந்து தென்கிழக்காக விரலை நகர்த்தினால் முல்லைத்தீவு. நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். அதே அலை, அதே மொழி, அதே வலை, அதே கட்டுமரம். ஆனால் பருத்திப்பட்டில் ஏற்றிய மூட்டை அங்கே போய்ச் சேர ஒரு கடலைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு ராணுவத்தின் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். அதற்கும் பிறகு, அந்த ராணுவத்தோடு இருபது ஆண்டுகள் போரிட்ட இன்னொரு படையின் சாவடியையும் தாண்ட வேண்டும். இந்த வாரம் பார்க்கப்போவது அந்தப் பாதையின் கதையைத்தான்.

*

இலங்கையில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 35,000 பேருக்கு மேல். வீடிழந்தவர்கள் ஐந்து லட்சத்தை ஒட்டி. இழப்பில் பாதிக்கும் மேல் வடக்கிலும் கிழக்கிலும். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 உயிர்களுக்கு மேல் போயின. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று முஸ்லிம் மக்கள் நெருக்கியடித்து வாழும் கரையோர ஊர்கள் வரிசையாக அழிந்தன. முல்லைத்தீவு நகரம் ஏறத்தாழ இல்லாமலே போனது.

அரசும் விடுதலைப் புலிகளும் 2002 பிப்ரவரி 22 அன்று போர்நிறுத்த உடன்படிக்கை செய்திருந்தார்கள். பேச்சுவார்த்தை 2003-இலேயே நின்றுவிட்டது. துப்பாக்கிகள் மட்டும் பெருமளவுக்கு மௌனமாக இருந்தன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் புலிகளின் கையில். யாழ்ப்பாண நகரமும் பருத்தித்துறையும் ராணுவத்தின் கையில். வடமராட்சி கிழக்கின் கடற்கரை மறுபடி புலிகளின் கையில். கிழக்கிலோ, 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து போனதிலிருந்து எந்த ஊர் எவர் பிடியில் இருக்கிறது என்பதே நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு விசித்திரம் அங்கே இருந்தது. புலிகள் ஆண்ட மாவட்டங்களிலும் இலங்கை அரசின் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கியது. அதன் தலைவராக அரசாங்க அதிபர் இருந்தார். ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. ஊரின் நிர்வாகம் ஒருவர் கையிலும் சம்பளப் பட்டியல் இன்னொருவர் கையிலும் இருந்தன. அலை அடித்த நாட்களில் இந்த இரட்டை ஏற்பாடு கைகொடுத்தது. அரசாங்க அதிபரும் புலிகளின் பிரதிநிதிகளும் தொண்டு நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து முகாம்களைப் பிரித்துக்கொண்டார்கள். சிங்கள ஊர்களிலிருந்து சோற்றுப் பொட்டலங்களோடு வண்டிகள் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு வந்தன. முகாம்களுக்கு வெளியே சிப்பாய்கள் பிணங்களைத் தூக்கினார்கள். வேறிடத்தில் புலிகள் தூக்கினார்கள். இந்த ஒற்றுமை நீடித்துவிடும், போருக்கே இதுதான் முடிவு என்று அன்று நம்பியவர்கள் ஏராளம். அந்த நம்பிக்கையைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் சாலை அப்படியே இருந்தது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலையில், வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தை. ராணுவத்தின் கடைசிச் சாவடி அது. அதைத் தாண்டி யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம். அதற்கு அப்பால் புலிகளின் சாவடி. அங்கே அவர்களுடைய சுங்கம். நிவாரண லாரியில் என்ன இருக்கிறது, எவர் அனுப்பினார், எவர் பெறுகிறார் என்று இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டும். கடற்கரையிலோ வேறொரு அச்சம்: போர்க்காலத்தில் புதைத்த கண்ணிவெடிகளை அலை பெயர்த்து வேறெங்காவது போட்டிருக்குமோ என்பது.

*

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு உலகம் கொடுத்ததைப்போல் அதற்கு முன் கொடுத்ததில்லை.

பிரிட்டனின் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து விடுத்த வேண்டுகோளுக்கு 39.2 கோடி பவுண்டு வந்தது. ஐ.நா. 2005 ஜனவரி 6 அன்று 97.7 கோடி டாலர் கேட்டது. பெரும்பகுதி சில வாரங்களிலேயே கிடைத்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஜனவரி முதல் வாரத்திலேயே, ஆழிப்பேரலைக்கென்று இனிப் பணம் அனுப்ப வேண்டாம், தேவையானது வந்துவிட்டது என்று அறிவித்தது. ஒரு தொண்டு நிறுவனம் போதும் என்று சொல்வது அபூர்வம்; அப்படிச் சொன்னதற்காகவே அது மதிப்புக்குரியது. எல்லாம் முடிந்தபின் சர்வதேச மதிப்பீட்டுக் குழு கணக்குப் பார்த்தது. பாதிக்கப்பட்டவர் ஒருவருக்குச் சராசரியாக 7,000 டாலருக்கு மேல் வந்திருந்தது. அதே 2004-இல் வங்கதேசத்தில் பெருவெள்ளம் வந்தபோது தலைக்கு 3 டாலர்தான் கிடைத்தது என்பதையும் அதே குழு எழுதி வைத்தது.

புலம்பெயர்ந்த தமிழர்களும் வாரிக் கொடுத்தார்கள். டொரொண்டோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஆஸ்லோ, சிட்னி என்று தமிழர் இருக்குமிடமெல்லாம் கோயில்களிலும் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளிலும் நிதி திரண்டது. மக்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் ஈடாகத் தானும் ஒரு டாலர் தருவதாகக் கனடா அரசு அறிவித்தது. தன்னுடைய அவசர உதவிப் படையையும் அனுப்பியது. அந்தப் படை போனது அம்பாறைக்கு. வடக்குக்கு ஏன் போகவில்லை என்று கனடாத் தமிழர்கள் கேட்டார்கள். உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறைதான். அந்த வகையில் முடிவு தவறில்லை. ஆனால் முல்லைத்தீவுக்குப் போவதென்றால் எவருடைய அனுமதியோடு போவது என்ற கேள்வி எழுந்திருக்கும் என்பதும் உண்மை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு உள்ளிட்ட வன்னிக்குள் பெரிய அளவில் இறங்கி வேலை செய்த உள்ளூர் அமைப்பு தமிழர் புனர்வாழ்வுக் கழகம். புலிகளோடு நெருக்கமானது. முகாம் அமைத்தார்கள், சமையல் செய்தார்கள், அனாதையான பிள்ளைகளைப் பராமரித்தார்கள். வேகத்தில் அரசு இயந்திரத்தை மிஞ்சினார்கள் என்று நேரில் பார்த்த வெளிநாட்டவர்களே எழுதினார்கள். அதே கழகத்தின் பிரிட்டன் கிளையைப் பணத்துக்குச் சரியான கணக்குக் காட்டவில்லை என்று அந்நாட்டு அறநிலைய ஆணையம் 2005-இல் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அமெரிக்கா 2007 நவம்பரில் சொத்துகளை முடக்கியது. சிறுவர்களைப் படையில் சேர்க்கும் வழக்கம் அலைக்குப் பிறகும் நிற்கவில்லை, நிவாரண முகாம்களிலிருந்தே சிலர் சேர்க்கப்பட்டார்கள் என்று யூனிசெஃப் 2005 ஜனவரியில் சொன்னது. டொரொண்டோவில் பனியில் இரட்டை வேலை பார்த்து நூறு டாலர் கொடுத்த ஒருவருக்கு இந்த இரண்டு செய்தியும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன. கொடுக்காமல் இருக்கவும் முடியாது. கொடுத்தது எங்கே போகிறது என்று முழுமையாக அறியவும் முடியாது.

தமிழகத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். 1992 முதல் புலிகள் அமைப்பு இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருந்தது. வன்னிக்கென்று தனியாக நிதி திரட்டுவது காவல்துறையின் கவனத்துக்கு உரிய விஷயம். இந்திய அரசு கொடுத்ததெல்லாம் கொழும்பு வழியாகவே போனது. கடற்படைக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் உடனடியாக இலங்கைக்கு விரைந்தன. அந்த நடவடிக்கைக்கு 'ரெயின்போ' என்று பெயர். 100 கோடி ரூபாய் உதவியும் அறிவிக்கப்பட்டது. தன் சொந்தக் கரையில் பல்லாயிரம் பேரைப் பறிகொடுத்து, வெளிநாட்டு அரசுகளின் நிவாரணத்தைத் தனக்கு வேண்டாம் என்று சொன்ன நாடு, அண்டை நாட்டுக்குக் கப்பல் அனுப்பியது பெரிய விஷயம்தான். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்களில் இருந்த ஈழத்து அகதிகளுக்குத் தங்கள் ஊர்க் கரைக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்ப நேர்வழி இல்லை.

*

2005 ஜனவரி 8. ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் இலங்கைக்கு வந்திருந்தார். தெற்கே அம்பாந்தோட்டைக்குப் போனார். கிழக்கே திருகோணமலைக்குப் போனார். புலிகளின் பகுதிக்குப் போக அரசு சம்மதிக்கவில்லை, போகாமலே திரும்பினார். பேரிடரில் அழிந்த ஓர் ஊரை உலக அமைப்பின் தலைவர் பார்ப்பதுகூட ஓர் அங்கீகாரமாகிவிடும் என்று கொழும்பு அஞ்சியது. முல்லைத்தீவில் வீட்டையும் பிள்ளைகளையும் இழந்து தகரக் கொட்டகையில் இருந்தவர்கள் அந்த அச்சத்துக்கான விலையைக் கொடுத்தார்கள்.

கொடையாளி நாடுகளின் நிலை வேறுவிதம். அவர்களிடம் பணம் இருந்தது. புலிகளிடம் நேரே கொடுக்க முடியாது. பல நாடுகளில் தடை. கொழும்பிடம் மட்டும் கொடுத்தால் வன்னிக்குப் போகுமா என்ற ஐயம். ஆகவே இரு தரப்பும் சேர்ந்து ஒரு பொது அமைப்பை உண்டாக்குங்கள், அதற்குத் தருகிறோம் என்றார்கள். நார்வே தரகராக நடுவில் நின்றது. அதைத்தான் தமிழ் நாளேடுகள் 'பொதுக்கட்டமைப்பு' என்று எழுதின.

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பிப்ரவரி 7 அன்று மட்டக்களப்பு–அம்பாறைப் பகுதிக்கான புலிகளின் அரசியல் பொறுப்பாளர் கௌசல்யன் வெலிக்கந்தைக்கு அருகே வழிமறித்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் சென்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சந்திரநேருவும் பிழைக்கவில்லை. இரு தரப்புக்கும் இடையே மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையும் கரைந்தது. மே மாதம் கண்டியில் கொடையாளிகள் கூடி ஏறத்தாழ 300 கோடி டாலர் தருவதாக வாக்களித்தார்கள். பொதுக்கட்டமைப்பைக் கொண்டு வந்தே தீருவேன் என்று ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க உறுதி சொன்னார். அவருடைய அரசைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி.யின் 39 உறுப்பினர்கள். அவர்கள் ஜூன் 16 அன்று அரசைவிட்டு வெளியேறினார்கள். கண்டியில் தலதா மாளிகைக்கு முன்னால் ஒரு பௌத்த பிக்கு சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். சந்திரிகா பின்வாங்கவில்லை. ஆட்சி பெரும்பான்மை இழந்ததைப் பொருட்படுத்தாமல் ஜூன் 24 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. அலை அடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்த ஆவணத்தில் என்ன இருந்தது என்று பார்த்தால், நாட்டையே பிளந்துவிடும் என்று அவ்வளவு கூச்சல் போடுமளவுக்கு எதுவும் இல்லை. ஆறு மாவட்டங்கள்: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை. அவற்றிலும் கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்வரைதான் அதிகாரம். காலம் ஓராண்டு. மேலே அரசு, புலிகள், முஸ்லிம்கள் என்று தலா ஒருவர் கொண்ட உயர்குழு. நடுவில் கிளிநொச்சியில் இயங்கும் பிராந்தியக் குழு. அதில் புலிகள் ஐந்து பேர், முஸ்லிம்கள் மூன்று பேர், அரசு இரண்டு பேர். கீழே மாவட்டக் குழுக்கள். வெளிநாட்டுப் பணம் ஒரு பிராந்திய நிதியத்தில் சேரும். அதற்குக் காப்பாளர் உலக வங்கி.

குறை இல்லாமல் இல்லை. மிகப் பெரிய குறை, முஸ்லிம்களைக் கையெழுத்திடும் தரப்பாகச் சேர்க்காதது. உயிரிழப்பில் அவர்களுடைய பங்கு மிகப் பெரியது. அவர்களுக்குக் குழுவில் இடம் இருந்தது. உடன்படிக்கையில் பெயர் இல்லை. 1990-இல் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே மூச்சில் வெளியேற்றப்பட்டதை மறக்காத சமூகம் அது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் எதிர்த்ததில் வியப்பில்லை.

எல்லாம் 21 நாள்தான். ஜே.வி.பி. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை 15 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உடன்படிக்கை முழுவதையும் அது தடுக்கவில்லை. பிராந்திய நிதியத்தைத் தடுத்தது, குழு கிளிநொச்சியில் அமர்வதைத் தடுத்தது. பணம் வரும் வழியும் பணத்தைப் பங்கிடும் இடமும் போனபிறகு மிச்சமிருந்தது வெறும் தாள்தான். பொதுக்கட்டமைப்பு ஒரு நாள்கூட இயங்கவில்லை. ஆகஸ்ட் 12 இரவு வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொழும்பில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவசரநிலை வந்தது. பேச்சு என்ற சொல்லையே பேச முடியாத சூழல்.

*

மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, ஹெல்சிங்கியில் வேறு இருவர் கையெழுத்திட்டார்கள். ஒருவர் இந்தோனேசிய அரசின் பிரதிநிதி, மற்றவர் ஆச்சே விடுதலை இயக்கத்தின் பிரதிநிதி. நடுவர், பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரி.

சுமத்ராவின் வடமுனையான ஆச்சேயில் ஏறத்தாழ 30 ஆண்டு ஆயுதப் போராட்டம். 2003 மே மாதத்தில் ராணுவச் சட்டம் வந்தது. வெளிநாட்டவர் எளிதில் நுழைய முடியாத பூமி. அங்கே அலையில் இறந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இரண்டு மூன்று நாட்களுக்குள் ஜகார்த்தா கதவைத் திறந்துவிட்டது. ஏப்ரலில் புனரமைப்புக்கென்று தனி நிறுவனம் அமைத்தது. பல நாட்டுப் பணத்தை ஒரே நிதியமாக்கி உலக வங்கி நிர்வகித்தது. இலங்கையில் நீதிமன்றம் நிறுத்திவைத்த ஏற்பாட்டைப் போன்ற ஒன்று ஆச்சேயில் வீடு கட்டிக்கொண்டிருந்தது. ஆண்டு முடிவதற்குள் கிளர்ச்சியாளர்கள் ஒப்புக்கொண்டபடி 840 ஆயுதங்களை ஒப்படைத்தார்கள்.

இதை வைத்து, அலைதான் ஆச்சேக்கு அமைதி கொண்டுவந்தது என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையல்ல. பேச்சுக்கான ஏற்பாடு அலைக்கு முன்பே தொடங்கியிருந்தது. கிளர்ச்சி இயக்கம் களத்தில் தளர்ந்திருந்தது. இலங்கையிலோ இரு படைகளும் தாம் தோற்கவில்லை என்று நம்பின. ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறைக்க முடியாது. ஜகார்த்தாவில் ஆட்சி செய்தவர்கள் எதிராளியோடு மேசையில் உட்காருவதற்கான அரசியல் விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கொடுத்தபிறகும் ஆட்சியில் நீடித்தார்கள். கொழும்பில் அந்த விலையைக் கொடுத்தவர் தனியாக நின்றார்.

*

அதே ஆண்டு அக்டோபர் 8. ரமலான் மாதத்துச் சனிக்கிழமை. பாகிஸ்தான் நேரம் காலை 8.50. முஸாஃபராபாத்துக்கு அருகே 7.6 அளவில் நிலம் குலுங்கியது. பிள்ளைகள் வகுப்பறைக்குள் உட்கார்ந்திருந்த நேரம். ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன. பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரிலும் அதை ஒட்டிய வடமேற்கு எல்லை மாகாணத்திலும் 73,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தியப் பக்கம் உரியிலும் தங்தாரிலும் 1,300 பேருக்கு மேல். மொத்தம் முப்பது லட்சம் பேருக்கு மேல் வீடில்லை. மலையில் பனி இறங்க ஆறு வாரம்தான் இருந்தது.

இம்முறை உலகின் கை நீளவில்லை. ஐ.நா. முதலில் 27.2 கோடி டாலர் கேட்டது. அக்டோபர் 26 அன்று அதை 55 கோடியாக உயர்த்தியது. வந்ததோ துளித்துளியாக. ஆழிப்பேரலைக்கு 39.2 கோடி பவுண்டு கொடுத்த பிரிட்டன் மக்களிடமிருந்து காஷ்மீருக்குத் திரண்டது 5.9 கோடி பவுண்டு. அலைக்குக் கொடுத்துக் கொடுத்துக் களைத்துப்போனது ஒரு காரணம். அலையின் காட்சியைப் போல் திரும்பத் திரும்பத் தொலைக்காட்சியில் காட்ட எதுவும் இல்லாதது இன்னொரு காரணம். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் அங்கே இறக்கவில்லை என்பதும் காரணம்தான். சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். குளிர் தாங்கும் கூடாரம் உலகச் சந்தையிலேயே தீர்ந்துபோனது. சாலைகள் மலையோடு சரிந்துவிட்டதால் ஹெலிகாப்டர் இருந்தால்தான் எதுவும் போகும்.

ஹெலிகாப்டர் இந்தியாவிடம் இருந்தது. தருகிறோம் என்றது இந்தியா. விமானி இல்லாமல் தாருங்கள் என்றது பாகிஸ்தான். விமானி இல்லாமல் தருவதற்கில்லை என்றது இந்தியா. கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகே எதிராளியின் விமானப்படை பறப்பதை எந்த ராணுவமும் விரும்பாது. தன் ஹெலிகாப்டரை எதிராளியின் கையில் கொடுப்பதையும் விரும்பாது. இரண்டு பக்க நியாயத்துக்கும் நடுவே மலையுச்சிக் கிராமங்கள் மாட்டிக்கொண்டன.

இருந்தாலும் சில கதவுகள் திறந்தன. அக்டோபர் 12 அன்று கூடாரம், போர்வை, மருந்தோடு இந்திய விமானப்படையின் ஐ.எல்-76 பாகிஸ்தானில் இறங்கியது. ஜெனீவாவில் இந்தியா 2.5 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. கட்டுப்பாட்டுக் கோட்டில் ஐந்து இடங்களைத் திறப்பது பற்றி இஸ்லாமாபாத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்த அக்டோபர் 29 மாலை, தீபாவளிக் கூட்டம் நிறைந்த டெல்லிக் கடைவீதிகளில் குண்டுகள் வெடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பேச்சு முறிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முறியவில்லை. அன்று நள்ளிரவைத் தாண்டி, மறுநாள் அதிகாலையில் ஒப்பந்தம் முடிந்தது. அதை முடித்த இரு நாட்டு அதிகாரிகளையும் இந்தத் தொடர் மரியாதையோடு நினைவுகூர்கிறது.

நவம்பர் 7 அன்று முதல் இடம் திறந்தது: பூஞ்ச்–ராவலாகோட் பாதையில் சக்கான் தா பாக். ஐந்தில் அன்று திறந்தது அது ஒன்றுதான். கண்ணிவெடி அகற்றிப் பாதை போட்டு, மூட்டைகளைக் கைமாற்றினார்கள். ஆட்களைக் கடக்க விடவில்லை. பெயர்ப்பட்டியலை இரு தரப்பும் பரிமாறிச் சரிபார்க்க வேண்டுமாம். ஒரு மாதமாக உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் தவித்த மக்கள் பாகிஸ்தான் பக்கத்தில் கூட்டமாகக் கட்டுப்பாட்டுக் கோட்டை நோக்கி முண்டினார்கள். பாகிஸ்தான் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தது.

*

காஷ்மீரில் அந்த ஐந்து இடங்களும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த அதே நவம்பரில், 17-ஆம் தேதி, இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. புலிகளின் கட்டளையால் வடக்கில் தமிழர்களில் பெரும்பாலோர் வாக்களிக்கவில்லை. பொதுக்கட்டமைப்பை எதிர்த்த ஜே.வி.பி.யின் ஆதரவோடு நின்ற மகிந்த ராஜபக்ச இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2006 ஜனவரியிலிருந்து திருகோணமலைப் பக்கத்து மக்கள் மறுபடி படகேறி ராமேசுவரம் வரத் தொடங்கினார்கள். ஆகஸ்டில் ஏ9 சாலை மூடப்பட்டது.

அலையில் வீடிழந்து, தற்காலிகக் கொட்டகையில் ஒன்றரை ஆண்டு கழித்து, நிரந்தர வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர்கள், அந்த அத்திவாரத்தையும் விட்டுவிட்டு ஓடினார்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர் ஒரு சிறிய கரையோர நகரம். அலையில் அடிபட்ட ஊர். பிரான்ஸைச் சேர்ந்த அக்சன் பாம் என்ற தொண்டு நிறுவனம் அங்கே அலுவலகம் போட்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்குக் குடிநீரும் கழிவறை வசதியும் செய்து கொடுத்துவந்தது. ஊழியர்கள் உள்ளூர் இளைஞர்கள். 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் மாவிலாறு அணைக்கதவையொட்டி மூண்ட சண்டை மூதூருக்குள் வந்தது. ஊர்மக்கள் வெளியேறினார்கள். வெளியேற முடியாமல் ஊழியர்கள் அலுவலகத்திலேயே தங்கினார்கள். தொண்டு ஊழியரைச் சுடமாட்டார்கள் என்று நம்பி, நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிந்திருந்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று அந்த வளாகத்துக்குள்ளேயே 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பெண்களும் அவர்களில் இருந்தார்கள்.

செய்தது பாதுகாப்புப் படையினர்தான் என்று நார்டிக் நாடுகளின் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு கூறியது. அரசு மறுத்தது. விசாரணை ஆணையம் அமைந்தது, அறிக்கை வந்தது. அக்சன் பாம் 2008-இல் இலங்கையைவிட்டு வெளியேறியது. 2013-இல் தானே ஓர் அறிக்கை வெளியிட்டு, கொன்றவர்கள் பாதுகாப்புப் படையினரே என்றது. அந்த 17 பேரின் கொலைக்காக எவருமே தண்டிக்கப்படவில்லை.

(தொடரும்)